டிக்கிக்குள்ள கற்கண்டு

வா தம்பி, உக்காரு. காரோட பின்கண்ணாடி நொறுங்கிப்போச்சாம்லா? அதுக்கு ஏன் மூஞ்சியை இப்படித் தொங்கப் போட்டிருக்கே? கண்ணாடிதானே போச்சு, கப்பலா கவுந்துட்டு?

ஒண்ணு கேக்குதேன், நெசத்தைச் சொல்லு. கார் வாங்கின நாளையிலயிருந்து அந்தக் கண்ணாடி வழியா நீ எத்தனை மட்டம் பின்னாடி பாத்திருப்பே? ஒரு கரடி பொம்மை, ரெண்டு தலகாணி, குடை, துடைக்கிற காகித டப்பா, பிள்ளைக பேரு, குலதெய்வம் பேரு, நீ படிச்ச காலேஜ் பேரு. இத்தனையையும் அதுல அடைச்சு ஒட்டி வச்சிருந்தே. இடுக்கு வழியா ஒரு கோழிக்குஞ்சு கூட எட்டிப் பாத்திருக்காது. இருந்த மட்டும் ஏறிட்டுப் பாக்காத சாமான், உடைஞ்ச பிற்பாடு ராசாத்தி ஆயிட்டுது!

என் மக வயித்துப் பேரன் கதையும் இதேதான். பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேலை. போன சித்திரைக் கொடைக்குப் புதுக் காரோட ஊருக்கு வந்தான். முதுகை அருவாளால வெட்டினாப்ல செங்குத்தா நிக்குமே, அந்த ஜாதிக் கார். ஹேட்ச்பேக்காம். இங்ஙன பயலுக வாலறுந்த கார்னு பேரு வச்சிட்டானுவ. கொடை முடிஞ்ச மறுநாள் காலம்பற வேப்பமரத்தடியில போய்ப் பாத்தா, பின்பக்கம் கண்ணாடி இருந்த இடத்துல காத்து இருக்கு. டிக்கிக்குள்ள, சீட்டு மேல, சீட்டு இடுக்குல எல்லாம் கற்கண்டு கொட்டினாப்ல பளபளன்னு கெடக்கு.

ஊரே கூடிட்டு. வேட்டுப் போட்ட அதிர்ச்சின்னு ஒருத்தன். குரங்கு குதிச்சிருக்கும்னு ஒருத்தன். தேங்காய் விழுந்திருக்கும்னு ஒரு மகராசன். வேப்பமரத்துல எங்ஙனவே தேங்காய்? கண்ணேறு பட்டுப்போச்சு, இதோட கழிஞ்சுதுன்னு விடுங்கன்னு ஒரு கிழவி. பேரன் என்ன பண்ணுதான்? நாலு பக்கமும் நின்னு போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடுதான். அரை மணிக்கூறுல நாப்பது பேர் அழுத மூஞ்சி அனுப்பிட்டாகளாம். துட்டி வீட்டுக்குக் கூட இப்பல்லாம் அவ்வளவு பேர் வாறதில்லை.

அதோட விட்டானா? எதுத்த வீட்டுக் கேமராவைப் பாக்கணும்னு ஒத்தைக் கால்ல நின்னான். நான்தான் தடுத்தேன். "ஏலே, அந்தக் கேமராவுல சிலந்தி வலை பின்னி ஒரு வருசமாச்சு. உடைச்சவனைத் தேடாதே, கண்ணாடியைத் தேடு. திருடன் கிடைச்சா கண்ணாடி ஒட்டிக்கிடுமா?" எனக்கு என்ன தெரியும்? நானே விடியக்காலம் தொரட்டியைத் தூக்கிக்கிட்டு ஆட்டுக்குக் குழை ஒடிக்கப் போனவன்.

அப்புறம் ஆரம்பிச்சான் பாரு ஆராய்ச்சி. போன்ல வீடியோ பாக்குதான். ஏதோ பிசினை ஊத்திக் கீறலை அடைக்கிறானாம் ஒரு வெள்ளைக்காரன். "தாத்தா, நாமளும் அப்படிச் செஞ்சிரலாமா?" எதை அடைப்பே? கீறலா கெடக்கு? படி படியா அள்ளலாம் போல கெடக்கு!

தம்பி, முன்கண்ணாடி வேற, பின்கண்ணாடி வேற. முப்பது வருசம் ஜின்னிங் ஆலை முதலாளிக்கு அம்பாசிடர் ஓட்டின கை இது, கேட்டுக்கோ. முன்கண்ணாடி ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல ஒரு பிளாஸ்டிக் சவ்வு வச்ச பணியாரம். கல்லு பட்டா சிலந்தி வலை மாதிரி விரியும், ஆனா சவ்வு பிடிச்சு வச்சிருக்கும், உதிராது. பிரான்சுல பெனடிக்டஸ்னு ஒரு ரசாயனக்காரர். 1903ல அவர் கைதவறிப் போட்ட குப்பி ஒண்ணு விண்டுச்சே தவிர உதிரலையாம். பாத்தா, முன்னே அதுல இருந்த மருந்து காஞ்சு உள்பக்கம் சவ்வா ஒட்டியிருந்திருக்கு. அந்தச் சூட்சுமத்தைப் பிடிச்சு 1909ல காப்புரிமை வாங்கிட்டார். நம்ம வீட்டுல குப்பி உடைஞ்சா என்ன நடக்கும்? பிள்ளைக்கு முதுகுல ரெண்டு விழும். அதோட ஆராய்ச்சி முடிஞ்சுது.

முன்கண்ணாடியில சின்னப் பொட்டு விழுந்தா அந்தப் பிசின் வைத்தியம் பலிக்கும். பின்கண்ணாடிக்கு வைத்தியமே கிடையாது, ஒரே காரியம், கருமாதிதான். ஏன்? அது டெம்பர் பண்ணினது. நம்ம ஆசாரி அருவாளைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணிக்குள்ள முக்குவார்லா? அதுக்குத் தூரத்துச் சொந்தம். கண்ணாடியை 600 டிகிரிக்கு மேல காய்ச்சி, ரெண்டு பக்கமும் காத்தைப் பீச்சிச் சட்டுன்னு ஆத்துவான். மேல்தோல் முந்தி இறுகிடும். உள்சதை பிந்தி ஆறிச் சுருங்கும்போது மேலைப் பிடிச்சு இழுக்கும். வெளியே இறுக்கம், உள்ளுக்குள்ள இழுவை. நம்ம ஊர்ப் பெரிய வீட்டுக் கூட்டுக்குடும்பம் மாதிரி. நடுவுல கை வச்சு அமுக்கு, அசையாது. ஓரத்துல கூரா ஒரு இரும்பு முனை படட்டும், அத்தனை பங்காளியும் ஒரே நிமிசத்துல தனித்தனியாப் போயிருவாக. ஒரு புண்ணியம், துண்டெல்லாம் மழுங்கினதா உதிரும், குரவளையைக் கிழிக்காது. அதுக்காகத்தான் அப்படிச் செய்யுதான். ஆனா செஞ்ச பிறகு அதை வெட்ட முடியாது, ஓட்டை போட முடியாது. ஜன்னல் கண்ணாடி மாதிரி வைரத்தால கீறி அளவுக்கு எடுத்துக்கிடலாம்னு எவனாவது சொன்னா, அவன் கடையில டீ மட்டும் குடிச்சிட்டு எந்திரிச்சு வந்துரு.

பேரன் அடுத்து என்ன சொன்னான் தெரியுமா? "பின்னாடிதானே தாத்தா, பாலிதீன் தாளை ஒட்டிக்கிட்டு பெங்களூர் போயி மாத்திக்கிடுதேன்." பின்னாடிதானே! இந்த வார்த்தையைக் கேட்டா எனக்குப் பித்தம் தலைக்கேறும். கார் முன்னாடி போகும்போது அது முதுகுக்குப் பின்னால ஒரு வெறுமை உண்டாகும். சைலன்சர் விடுற புகை அந்த வெறுமையில சுழண்டு, திறந்து கெடக்குற டிக்கி வழியா உள்ள ஏறும். அந்தப் புகையில இருக்கிற நஞ்சுக்கு வாசனை கிடையாது. தலையை வலிக்கும், தூக்கம் வரும், வண்டி ஓட்டுறவனுக்குத் தூக்கம் வந்தா என்ன ஆகும்னு நான் சொல்லணுமா? தாளை ஒட்டுறது மழைக்கும் நாய்க்கும் தான். பக்கத்து ஊர் வரைக்கும் மெதுவாப் போகலாம். 500 கிலோமீட்டருக்கு அதை நம்புவியா? அதுவும் பெட்டி ஒட்டுற பழுப்பு டேப்பை எடுத்துக்கிட்டு வந்தான். அதை வெயில்ல ஒரு நாள் பெயிண்ட் மேல விட்டா, உரிக்கும்போது தோலோட வரும். பெயிண்டர் ஒட்டுற மஞ்சக் காகித டேப்பு 50 ரூபாய்க்குக் கிடைக்கு.

சரி, சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டான். எந்தக் கம்பெனின்னு கேக்காதே. அங்ஙன ஒரு பிள்ளை, தேன் குரல். 'அட்வைசர்'னு பேராம். எங்க காலத்துல அட்வைஸ் ஓசி. எஸ்டிமேட் வந்துச்சு, 14,800. பிரிச்சு வாசிடான்னேன். கண்ணாடி 6,200. மிச்சம்? பீடிங்கு, கிளிப்பு, கிட்டு, கூலி, துரு வராம இருக்க ஒரு பூச்சு, பெயிண்டுக்கு ஒரு மினுக்கு, ஏசிக்குக் கிருமி நீக்கம். ஏம்ப்பா, கண்ணாடி உடைஞ்சா ஏசிக்கு எப்படிக் காய்ச்சல் வரும்? பல்லு வலின்னு போனவனுக்கு மொட்டை அடிச்சுக் காது குத்தி அனுப்புற கதையால்ல இருக்கு! சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு சும்மாவா சொன்னாக.

கோவில்பட்டியில கண்ணாடி மாத்துற ஒரு பையன் இருக்கான். பேசவே மாட்டான், வேலை மட்டும் பேசும். அவன் கேட்ட முதல் கேள்வியே நல்ல கேள்வி: "வண்டி எந்த வருசம், எந்த வேரியன்ட்? கோடு உண்டா, வைப்பர் உண்டா?" ஒரே பேர்ல ஓடுற கார்லயே அடிமட்ட மாடலுக்கு வெறுங்கண்ணாடி, ஒசந்த மாடலுக்குக் கோடு போட்ட கண்ணாடி, வைப்பருக்கு ஓட்டை விட்ட கண்ணாடி. ஓட்டை முந்தியே விட்டிருக்கணும், பிந்தி போட முடியாதுன்னு சொன்னேன்லா? அதனால ஆர்.சி. புக்கு, சேசிஸ் நம்பர் ரெண்டையும் நீட்டிட்டு வாயை மூடிக்கோ. மதுரையிலயிருந்து பார்சல்ல வரட்டும்னான். ஒரு நாள் பொறுத்தா என்ன குடி முழுகிப்போகும்?

கண்ணாடி வந்ததும் மூலையில இருக்கிற பொடி எழுத்தை வாசி. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கணும். வண்டிக் கண்ணாடிக்கு உள்ள தர நம்பர் 2553. அது இல்லாததை 1,000 ரூபாய் குறைச்சுத் தாறேன்னா, மிச்ச 1,000 ரூபாயை ஆஸ்பத்திரிக்கு எடுத்து வச்சுக்கோ.

அந்தக் கோட்டைப் பத்தி ஒண்ணு சொல்லணும். பேரன் அதை எனக்குக் காட்டிக் காட்டி மார் தட்டுனான். "தாத்தா இது டிஃபாகர், சுவிட்சைப் போட்டா பனி விலகும்." கோவில்பட்டி கரிசல்ல சித்திரை மாசம் பனி! கொசு விலகுமாடான்னு கேட்டேன். ஆனா நியாயத்தைச் சொல்லிரணும். மழைக்காலத்துல நாலு பேர் மூச்சு விட்டா உள்பக்கம் வேர்த்து மூடிக்கிடும். கொடைக்கானல் ஏறினா சொல்லவே வேண்டாம். அப்ப அந்தக் கோடு உதவும். வெள்ளி கலந்த பசையைக் கோடு இழுத்துச் சுட்டிருக்கான், கரண்ட் பாஞ்சா சூடேறும். நீ என்ன பண்ணுதே? பழைய ஸ்டிக்கரை பிளேடு வச்சுச் சுரண்டுதே. ஸ்டிக்கரோட கோடும் போயிரும். புதுசு மாட்டின அன்னைக்கே ரெண்டு ஓரத்துலயும் ஒயரை மாட்டிச் சூடேறுதான்னு பாத்துட்டுக் காசு கொடு. மறந்தா, அடுத்த ஐப்பசியில தான் தெரியும். அப்ப அந்தப் பையன் துபாய்ல இருப்பான்.

கண்ணாடியைச் சுத்திக் கறுப்பா பட்டை, அதுல புள்ளி புள்ளி. பேரன் அதை டிசைன்னு நினைச்சிருக்கான். டிசைனாவது கிசைனாவது. அதுக்கு அடியில தான் கண்ணாடியை வண்டியோட ஒட்டுற பேஸ்ட் இருக்கு. வெயில் நேரா பட்டா பேஸ்ட் உளுத்துப்போகும்னு குடை பிடிச்சிருக்கான் அந்தக் கறுப்பு.

எங்க அம்பாசிடருக்குப் பேஸ்ட் எல்லாம் கிடையாது. ரப்பர் பீடிங்குதான். அதை மாட்டுறதைப் பாக்கணுமே! பீடிங்கைக் கண்ணாடியைச் சுத்தி மாட்டி, அதோட பள்ளத்துல சுத்தி ஒரு கயித்தைப் பதிச்சு, சோப்புத் தண்ணி தடவுவாக. ஒருத்தன் வெளியே நின்னு உள்ளங்கையால தட்டுவான். ஒருத்தன் உள்ள உக்காந்து கயித்தை மெதுவா உருவுவான். கயிறு வர வர ரப்பர் உதடு தகரத்தை மடிச்சுக் கவ்வும். கன்னுக்குட்டி மடியைக் கவ்வுற மாதிரி. ரெண்டு ஆள், ஒரு முழு வட்டம், ஒரு டீ. அம்புட்டுதான். அந்தக் காரும் 2014ல நின்னுபோச்சு. மழைக்குக் கொஞ்சம் ஒழுகும், இல்லைன்னு சொல்லலை. முதலாளி அம்மா பின்சீட்டுல குடை பிடிச்சு வந்த நாளும் உண்டு.

இப்ப உள்ளதுக்கு அவசரம் ஆகாது. பழைய பேஸ்டை அறுத்து எடுக்கையில தகரத்துல கீறல் விழும். விழுந்த இடத்துல பிரைமர் தடவணும், இல்லைன்னா கண்ணாடிக்கு அடியிலயே துரு முட்டை போட்டுக் குஞ்சு பொரிக்கும். புதுப் பேஸ்ட் காத்துல உள்ள ஈரத்தைக் குடிச்சுத்தான் இறுகும். எத்தனை மணிக்கூறுன்னு டியூப் மேலயே போட்டிருப்பான், படிச்சுப் பாரு. அது வரைக்கும் வண்டியை எடுக்காதே. எடுத்த பிறகும் ஒரு நாள் ஜன்னலை ரெண்டு விரக்கடை இறக்கி வை. ஏன்? நீ கதவைச் சாத்துற சாத்துல உள்ள அடைபடுற காத்து பச்சைக் கண்ணாடியை வெளியே தள்ளும். டிக்கியை மச்சினன் மேல உள்ள கோபத்தோட அறையாதே. ரெண்டு நாளைக்குத் தண்ணியைப் பீச்சிக் கழுவாதே. பேஸ்ட் நல்லா இறுகின பிற்பாடு ஒரு குடம் தண்ணியை மேலயிருந்து சாவகாசமா ஊத்தி, உள்ள ஒரு ஆளை டார்ச்சோட உக்கார வச்சுப் பாரு. ஒழுகுற தண்ணி ஸ்டெப்னிக் குழிக்குள்ள போய் உக்காந்துக்கிடும். நாத்தம் வாற வரைக்கும் உனக்குத் தெரியாது.

பேரன் இதுக்கெல்லாம் மண்டையை ஆட்டினான். ஆட்டிட்டு, "தாத்தா, கறுப்பு ஃபிலிம் ஒட்டிரலாமா, கெத்தா இருக்கும்" னான். 2012லயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லிட்டுது அந்தக் கெத்தைப் பத்தி. முன்னாடியும் பின்னாடியும் நூத்துக்கு 70 பங்கு வெளிச்சம் உள்ள போகணும், பக்கவாட்டுல 50. வெளிச்சமே வேண்டாம்னா கண்ணாடி எதுக்கு? 300 ரூபாய்க்குத் தகரம் அடிச்சிரலாமே. கல்லு பட்டாலும் உடையாது.

அந்தக் கற்கண்டைப் பொறுக்குற வேலை இருக்கே, அதைத்தான் எவனும் கண்டுக்கிட மாட்டேங்கான். விளக்குமாத்தால ரெண்டு இழுப்பு இழுத்துட்டு முடிஞ்சுன்னு சொல்லுவான். உறிஞ்சுற மெசினை வச்சு சீட்டு மடிப்பு, பெல்ட்டு ஓட்டை, டிக்கிக் கதவோட உள்பலகை எல்லாம் எடுக்கணும். பலகைக்குள்ள விழுந்தது குலுங்கிக்கிட்டே வரும். பேரன் மூணு மாசம் கழிச்சும் போன்ல சொன்னான், "தாத்தா, டிக்கியைத் திறந்தா கிலுகிலுப்பை மாதிரி சத்தம் வருது." தொட்டில்ல ஆடுற பிள்ளை உண்டானா அதுக்கு ஆகும், வச்சுக்கோன்னேன்.

இப்ப இன்சூரன்சுக்கு வா. எல்லாரும் வழுக்குற இடம் இது. மூணாம் மனுசனுக்கு மட்டும் எடுத்த பாலிசின்னா உன் கண்ணாடிக்கு ஒரு காசு பேராது. முழுப் பாலிசின்னா பேரும். கண்ணாடிக்குத் தேய்மானம் பிடிக்க மாட்டான், ரப்பருக்கும் பிளாஸ்டிக்குக்கும் பாதியைப் பிடிப்பான். 1500 சி.சி. வரைக்கும் உள்ள காருக்கு முதல் 1,000 ரூபாய் உன் மடியிலயிருந்து போகும், அதுக்கு மேல 2,000. பேரன் துள்ளிக் குதிச்சான், "கிளெய்ம் போடுதேன் தாத்தா, 6,000 வரும்!"

வரும்டா. போறதை யாரு எண்ணுவா? அவன் பாலிசியில சொந்த டேமேஜுக்கு வருசம் கட்டுற தொகை 10,000 ரூபாய்னு வை. கிளெய்ம் போடாம மூணு வருசம் இருந்ததுக்கு போனசு நூத்துக்கு 35 பங்கு கழிக்கான். இன்னும் போடாம இருந்தா அடுத்த வருசம் 45, அதுக்கடுத்து 50. போட்டா? பரமபதத்துல பாம்பு கடிச்ச மாதிரி நேரா சைபர். அதுக்கடுத்த வருசம் 20. கூட்டிப் பாரு, முதல் வருசம் 4,500 நட்டம், ரெண்டாம் வருசம் 3,000. 6,000 வாங்கிட்டு 7,500 கொடுக்குற வியாபாரம். போனசுக்குக் காவலா தனியா ஒரு சீட்டு எடுத்திருந்தா கதை வேற, அதைக் கேட்டுக்கிட்டுப் போடு. அவன் எடுக்கலை. கோவில்பட்டிப் பையன் கண்ணாடி, கூலி எல்லாம் சேத்து 7,000க்கு முடிச்சிட்டான். கைக்காசைக் கொடுத்துட்டுப் பேசாம இரு, கிளெய்ம் வேண்டாம்னு நான் ஒரே பிடியா நின்னேன்.

கணக்கு சரியான கணக்குதான், நீ வேணும்னா திரும்பக் கூட்டிப் பாரு. அது போக, அந்த ஃபாரத்துல 'எப்படிச் சேதமாச்சு'ன்னு ஒரு கட்டம் இருக்கும். எனக்கு அந்தக் கட்டத்தைப் பிடிக்கலை.

புறப்படுற அன்னைக்குப் பேரன் கையில பணத்தைத் திணிச்சேன். கிடாக்குட்டி வித்த காசு. "பெட்ரோலுக்கு வச்சுக்கோ ராசா." எண்ணிப் பாத்தான். "என்ன தாத்தா, சரியா 7,000?" ஆச்சி அடுப்படியில நின்னு இருமினா. அவளுக்கு ரெண்டு நாளாவே அந்த இருமல். டிக்கி ஓரத்துல காஞ்ச வேப்பங்குழை ஒண்ணு சிக்கியிருந்துச்சு, அதை உருவி என் கையில கொடுத்தான். வேற ஒண்ணும் கேக்கலை. கெட்டிக்காரப் பய.

முப்பது வருசம் ஓட்டினவன்தான், ஆனா அம்பாசிடர் டிக்கி தகரம்லா? எம்புட்டு வேகமா அறைஞ்சாலும் தாங்கும். அந்த நினைப்பு கையை விட்டுப் போகலை. இப்ப தொரட்டியை ரெண்டு முழம் குறைச்சாச்சு. கொக்கி வெளியே நீட்டாம உள்ள அடங்குது.